சூதுத் தரகும் சட்டத்தின் பிடியும்

உழைப்பிற்குக் கொடுக்கும் கூலியை 'உஜ்ரத்' என்றும், ஒரு செயல் நிறைவேறினால் மட்டுமே உரித்தாகும் பரிசூதியத்தை 'ஜுஆலத்' என்றும் ஃபிக்ஹு நூல்கள் பிரித்து வழங்குகின்றன. காணாமற்போன மன்னரின் குவளையைக் கொணர்பவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் உண்டு என்று யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் அறிவிப்பை (12:72) ஜுஆலத்திற்குச் சான்றாக ஃபகீஹுகள் காட்டுவர். இன்று இணையத்தில் 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்னும் பெயரில் நடைபெறும் தொழிலை, அதன் வடிவத்தை மட்டும் நோக்கினால், இந்த ஜுஆலத்தின் பேரப்பிள்ளை எனலாம். வாங்குவோரை விற்போரிடம் கொண்டு சேர்ப்பவர், சேர்ந்த பின்னர் ஒரு பங்கைப் பெறுகின்றார். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தரகர் கூலிக்கென ஒரு தனிப் பாடமே அமைத்து, அதில் தவறில்லை எனக் கருதிய தாபியீன்களின் பெயர்களையும் குறித்துள்ளார்கள். எனவே, தரகு என்னும் தொழிலின் மீது நமக்கு வழக்கு ஏதுமில்லை. எதற்குத் தரகு என்பதே வினா.

1996-இல் அமேசான் நிறுவனம் புத்தக விற்பனைக்கென இம்முறையைத் தொடங்கியபோது அதில் மறைவு ஏதும் இருக்கவில்லை. ஒருவர் தம் பக்கத்தில் ஒரு நூலைப் பரிந்துரைப்பார். அவர் தந்த லிங்க் வழியே சென்று எவரேனும் அந்நூலை வாங்கினால் அவருக்குச் சிறு கமிஷன் கிடைக்கும். இதே ஏற்பாட்டைப் பின்னர் இணையச் சூதாட்ட நிறுவனங்கள் கையில் எடுத்துக்கொண்டன. பரிந்துரைப்பவருக்கென ஒரு தனி லிங்க்கோ கோடோ தரப்படும். அவ்வழியே வருபவரின் கைப்பேசியில் அடையாளக் குறி ஒன்று பதிந்துவிடும். அவர் கணக்குத் திறந்து பணம் போட்டவுடன், இவரை அழைத்துவந்தவர் இன்னார் என்று நிறுவனத்தின் ஏட்டில் எழுதப்பட்டுவிடும்.

கூலி வழங்கும் முறை இங்கு இரு வகைப்படும். முதலாவது, பணம் போட்ட ஒவ்வொரு புதிய ஆட்டக்காரருக்கும் இவ்வளவு என்ற ஒருமுறைத் தொகை. இரண்டாவது 'ரெவென்யூ ஷேர்' எனப்படும் வருவாய்ப் பங்கு. வாசகர்கள் இவ்விரண்டாவதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சூதாட்ட நிறுவனத்தின் வருவாய் என்பது ஆடுபவர் இழந்த பணமேயன்றி வேறன்று. எடுத்துக்காட்டாக, நாம் அனுப்பிய ஒருவர் ஒரு மாதத்தில் பத்தாயிரம் ரூபாய் போட்டு எட்டாயிரத்தை இழந்தார் என்றும், நம் பங்கு நூற்றுக்கு முப்பது என்றும் கொள்வோம். கழிவுகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால் இரண்டாயிரத்து நானூறு நம் கணக்கில் ஏறும். அவர் வென்றுவிட்டாலோ நம் பங்கு குறையும். சில ஒப்பந்தங்களில் அது கழித்தல் குறியுடன் அடுத்த மாதத்திற்கும் தொடரும். அவர் அக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் இந்தப் பங்கு உண்டு என்பதே இத்தொழிலின் பெரும் கவர்ச்சியாக எடுத்துரைக்கப்படுகின்றது. புத்தகத்தைப் பரிந்துரைப்பவர், வாங்கியவர் அதைப் படித்துப் பயனடைவதை விரும்பலாம். சூதைப் பரிந்துரைப்பவரோ, தம் சொல்லை நம்பி வந்தவர் தோற்க வேண்டும் என்றே விரும்பியாக வேண்டும். இவ்வொப்பந்தத்தின் உள்ளமைப்பே அதுதான்.

இதில் ஈடுபட்டுள்ளோர் யாவரும் தீயோர் என்று நாம் கூற வரவில்லை. கிரிக்கெட் ஆட்டக் கணிப்புகளை வெளியிடும் டெலிகிராம் சேனல் நடத்தும் இளைஞர், திரைச் செய்திகளைக் காணொளியாக்கும் மாணவர், இன்ஸ்டாகிராமில் சமையற் குறிப்புத் தரும் இல்லத்தரசி என அன்றாட மனிதர்களே பெரும்பாலும் இவ்வலையில் சிக்குகின்றனர். நம்மிடம் பயின்று சென்ற இளைஞர் ஒருவர் சில காலத்திற்கு முன் நம்மிடம் ஒரு மார்க்கத் தீர்ப்பு வேண்டினார். "உஸ்தாத், நான் ஒரு ரூபாய்கூட வைத்து ஆடியதில்லை, எவரிடமும் பணம் வாங்கியதில்லை, ஒரு லிங்க்கைக் காட்டுகின்றேன், அவ்வளவே. வழி கேட்டவனுக்கு வழி காட்டுவது எப்படிக் குற்றமாகும்?" என்பது அவர் வினா. அவருடைய வங்கிக் கணக்கு அப்போது முடக்கப்பட்டிருந்தது என்பதைப் பேச்சின் இறுதியில்தான் கூறினார். அவர் கேட்டது மார்க்கத்தை. அவருக்கு உடனடியாகத் தேவைப்பட்டதோ ஒரு வழக்கறிஞர். இரண்டையும் சேர்த்தே இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதலில் ஒரு பழங்கதை. அருள்மறை விலக்கிய 'மைஸிர்' என்பது அறியாமைக் கால அரபியரிடையே எவ்வாறு நடந்தது என்பதை அகராதியாளர்களும் விரிவுரையாளர்களும் விரிவாகவே எழுதியுள்ளனர். ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கிடுவர். பத்து அம்புகளை ஒரு பையில் இட்டுக் குலுக்குவர். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகளுக்கு ஏதுமில்லை. வெறும் அம்பு எவருக்கு வந்ததோ அவர்களே ஒட்டகத்தின் விலையைத் தரவேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது பெருமையாகக் கருதப்பட்டது. ஏழைகளின் வயிற்றை நிரப்பிய அந்தச் சூதும் விலக்கப்பட்டது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. அம்புகளைக் குலுக்கி எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அவருக்கு 'ஹுர்ழத்' என்று பெயர். அவர் ஆடுவதில்லை, பணம் வைப்பதுமில்லை, ஆட்டத்தை நடத்திக் கொடுப்பது மட்டுமே அவர் வேலை. சூதாடுவதைக் குலப்பெருமையாகப் பாடிய அந்த அரபியரே இந்த இடையாளை இழிந்தவராகக் கருதினர் என்று அகராதிகள் குறிக்கின்றன. 'நான் ஆடவில்லை' என்னும் வாதம் சூதாடிகளின் அவையிலேயே எடுபடவில்லை போலும்.

இனி நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்ட 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமும், சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் சூதாட்ட விடுதியை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. நான்கு சுவர், ஒரு மேசை, சீட்டுக்கட்டு, அதை நடத்துபவன் என்பதே அக்காலச் சூதின் உருவம். அரசியல் சாசனம் பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனமாக வைத்தது. விடுதி வேறு மாநிலத்தில், ஆடுபவர் இங்கே என்றால் என்ன செய்வது? இணையம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வினா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது என்பதைப் பலர் அறியார்.

பெங்களூரிலிருந்து வெளிவந்த ஒரு விளையாட்டுச் செய்தித்தாள் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. பம்பாய் மாகாணத்தில் அவ்விதழுக்கு நிறைய வாசகர்கள். அவர்களிடமிருந்து படிவங்களையும் நுழைவுக் கட்டணத்தையும் திரட்ட அங்கே வசூல் நிலையங்களும் உள்ளூர் வசூலிப்பாளர்களும் அமர்த்தப்பட்டிருந்தனர். பம்பாய் அரசு இப்போட்டிக்குத் தன் சட்டத்தை நீட்டியபோது, 'எங்கள் இதழ் மைசூர் மாநிலத்தில் அச்சாகிறது. பம்பாய்ச் சட்டம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?' என்று நடத்தியோர் கேட்டனர். 1957-இல் வெளிவந்த சமர்பாக்வாலா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பணம் போடுவோர் பம்பாயில், வசூலிப்பாளர் பம்பாயில், எனவே போதுமான தொடர்பு உண்டு என்றது. சூதாட்டம் என்பது அரசியல் சாசனம் பாதுகாக்கும் வணிகமே அன்று என்ற கோட்பாடும் அத்தீர்ப்பிலேயே நிலைபெற்றது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் அவர்கள் ரிக் வேதம் முதல் தொல்நூல்கள் சூதைப் பழித்த வரலாற்றையும் அதில் எடுத்துக் காட்டியிருந்தார். மார்க்க நூல்களை மட்டுமே பயில்வோரும் ஒருமுறை படித்துப் பார்க்கத்தக்க தீர்ப்பு அது. இன்றைய லிங்க் பகிர்வோர் அன்றைய பம்பாய் வசூலிப்பாளரின் வாரிசுகளே. நிறுவனம் குராசோவில் இருக்கலாம், சைப்ரஸில் இருக்கலாம். சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் இவர் ஒருவரே. இத்தொழிலின் சட்ட இடர் அனைத்தும் இந்த ஒரு நிலையிலிருந்தே பிறக்கின்றது.

தமிழகத்தின் கதை சற்றுச் சிக்கலானது. இணைய ரம்மியில் பணமிழந்தோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பெருகியதையடுத்து 2020-இல் அவசரச் சட்டமும் 2021-இல் சட்டத் திருத்தமும் கொண்டுவரப்பட்டன. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை ரத்துச் செய்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் தலைமையிலான குழு அறிக்கை அளித்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் எனக் குறித்த அட்டவணையை மட்டும் நீக்கியது. இவ்வளவு ஏற்ற இறக்கங்களைப் பத்திரிகைகளில் படித்தவர்கள், 'ரம்மி தப்பியது' என்ற ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டனர். அச்சட்டத்தில் விளம்பரத்திற்கெனத் தனி விலக்கு உண்டு என்பதைக் கவனித்தோர் சிலரே. ஆடுபவருக்கு அச்சட்டம் விதிப்பது மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்பவருக்கோ ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து இலட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடியவரைவிட அழைத்தவருக்குத் தண்டனை பன்மடங்கு என்பதைக் காண்க.

நாடாளுமன்றம் இயற்றி 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்கியது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று அரை நூற்றாண்டிற்கும் மேலாக நீதிமன்றங்களில் நடந்துவந்த வாதத்திற்கு அச்சட்டத்தில் இடமில்லை. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புடன் இணையத்தில் ஆடும் எந்த ஆட்டமும், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், அதன் வரையறைக்குள் அடங்கும். அவ்வாட்டத்தை வழங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஐம்பது இலட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டாண்டு. ஆடுபவருக்கோ அச்சட்டத்தில் தண்டனையே இல்லை. அவர் பாதிக்கப்பட்டவராகவே கருதப்படுகின்றார். இச்சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன. அவ்வழக்குகள் பெரிதும் திறமை ஆட்ட நிறுவனங்களின் உரிமையைப் பற்றியவை. வெளிநாட்டுப் பந்தயத் தளங்களுக்காக லிங்க் பகிர்வோர், அவ்வழக்குகளைத் தமக்குக் குடையாகக் கொள்ள முடியாது.

விளம்பரப் பிரிவின் சொல்லாட்சியை ஊன்றிப் படிக்க வேண்டும். விளம்பரத்தைச் செய்வது மட்டுமன்றி, செய்யத் தூண்டுவது, அதற்கு உதவுவது, அதில் எவ்வகையிலேனும் ஈடுபடுவது ஆகிய யாவும் அடங்கும். ஊடகம் எதுவாயினும் சரி. நேரடியாயினும் மறைமுகமாயினும் சரி. 'நான் விளம்பரம் போடவில்லை, ஐந்து தளங்களை ஒப்பிட்டு மதிப்புரைதான் எழுதினேன்' என்று கூறுவது, ஒவ்வொரு மதிப்புரையின் கீழும் கமிஷன் லிங்க் இருக்கும்போது, வலுவற்ற வாதமாகும். இதைவிடக் கவலைக்குரியது இன்னொன்றுண்டு. ஆட்டத்தை வழங்குவதைத் தடுக்கும் பிரிவிலும் 'உதவுதல், உடந்தையாதல், தூண்டுதல்' என்ற சொற்கள் உள்ளன. அப்பிரிவின் கீழான குற்றம் பிணையில் விட இயலாதது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது. ஒருமுறைத் தொகை பெறுபவரை விளம்பரக்காரர் என்று கொள்ளலாம். ஆட்டக்காரரின் இழப்பில் மாதந்தோறும் பங்கு பெறுபவரை, வெறும் விளம்பரக்காரர் என்பதா, வழங்குவதில் உடந்தையான பங்காளி என்பதா? இரண்டாவது வகையில் வைத்து வழக்குத் தொடர ஒரு காவல் அதிகாரிக்குப் பெருமுயற்சி தேவைப்படாது என்பதே நம் கருத்து. தரகர் பெருமையாகக் கருதிய வருவாய்ப் பங்கே அவருக்கு எதிரான சான்றாவதைக் காண்கின்றோம்.

இங்கு மற்றொரு நடைமுறையையும் குறித்தாக வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி அரசு ஒரு தளத்தை முடக்கும். மறுநாளே ஓர் எழுத்தை மாற்றி அதே தளம் வேறு பெயரில் தோன்றும். அப்புதிய முகவரியை ஆட்டக்காரர்களுக்குச் சேர்ப்பது யார்? டெலிகிராம் சேனல் நடத்தும் நம் இளைஞரே. தடையை மீறிய முகவரியைத் தெரிந்தே பரப்பிய பின்னர், 'எனக்குத் தெரியாது' என்னும் வாதம் அவருக்கு எஞ்சுவதில்லை. அச்சட்டத்தின் 79-ஆம் பிரிவு இடைநிலையாளருக்குத் தரும் பாதுகாப்பும் அவருக்குக் கிட்டாது. அது பிறர் இடும் செய்தியைச் சுமக்கும் தளங்களுக்கு உரியது. செய்தியைத் தாமே எழுதி இடுபவருக்கு உரியதன்று.

சிறையைவிட விரைவாக வந்து சேர்வது பண முடக்கம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102) குற்றத்துடன் தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படும் சொத்தைக் காவல்துறை கைப்பற்றலாம்; வங்கிக் கணக்கும் அதில் அடங்கும். வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்கள் தம் பெயரில் பணம் அனுப்புவதில்லை. முன்பின் அறியாத பலரின் கணக்குகள் வழியே, சில வேளைகளில் கிரிப்டோ நாணயமாக, கமிஷன் வந்து சேர்கின்றது. அக்கணக்குகளில் ஒன்று வேறொரு மாநிலத்தில் ஒரு மோசடி வழக்கில் சிக்கினால், அதிலிருந்து பணம் பெற்ற கணக்குகளும் வரிசையாக முடங்குகின்றன. நம்மிடம் வினவிய இளைஞருக்கு நேர்ந்தது இதுவே. அவர் தந்தையின் மருத்துவச் செலவிற்கான பணமும் அக்கணக்கில்தான் இருந்தது.

இதற்கும் மேல் உள்ளது 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம். ஏமாற்றுதல், குற்றச் சதி போன்ற அட்டவணைக் குற்றத்திலிருந்து விளைந்த பணத்தை அறிந்தே பெறுவதும் வைத்திருப்பதும் அதன்படி குற்றமாகும். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுக் கடுங்காவல். பிணை கிடைப்பதும் எளிதன்று. 2023-இல் பெரிதும் பேசப்பட்ட 'மகாதேவ்' ஆப் வழக்கில், கிளைகளைத் தமக்குத் தெரிந்தவர்களுக்கு 70-30 என்ற இலாப விகிதத்தில் பிரித்துக் கொடுத்து அத்தொழில் நடத்தப்பட்டதாக அமலாக்கத் துறை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் மகாதேவ் உள்ளிட்ட 22 ஆப்களையும் தளங்களையும் ஒன்றிய அரசு முடக்கியது. 2025 மார்ச்சில் தெலங்கானாவில், பந்தய ஆப்களை விளம்பரப்படுத்தியதாகத் திரைத்துறையினரும் சமூக ஊடகப் பிரபலங்களுமாக 25 பேர் மீது ஒரே வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதியப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஒரு வெளிநாட்டுப் பந்தயத் தளத்தை விளம்பரப்படுத்திய வழக்கில் முன்னாள் கிரிக்கெட் வீரர்கள் இருவரின் 11.14 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. குற்றச்சாட்டு வேறு, குற்றத் தீர்ப்பு வேறு. அவர்களைக் குற்றவாளிகள் எனக் கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் புகழும் பணமும் வழக்கறிஞர் படையும் உடையோர்க்கே இந்நிலையெனில், மாதம் பதினைந்தாயிரம் ஈட்ட முனைந்த மாணவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவு, குழுவாகச் சேர்ந்து அனுமதியற்ற பந்தயமோ சூதோ நடத்துவதைச் சிறு திட்டமிட்ட குற்றமாக்கி, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை விதித்திருப்பதையும் இத்துடன் சேர்த்துக் காண வேண்டும்.

விளம்பரத்தின் உள்ளடக்கமும் தனியே ஓர் இடராகும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்குப் பத்து இலட்சம் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையும் அபராதம் விதிக்க வழி செய்கின்றது. பரிந்துரைக்குக் காசு பெறுவதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2023 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல். 2022 அக்டோபரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், செய்தித் தளம் போல் வேடமிட்டு வரும் பந்தய விளம்பரங்களைச் சுட்டி எச்சரித்தது. 2024 மார்ச்சில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கே நேரடியாக அறிவுரை வழங்கியது.

தரகர்களின் எழுத்து எங்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்குச் சூதாட்டம் சட்டப்படி நடைபெறும் பிரிட்டனிலிருந்தே ஒரு சான்று தரலாம். நோயுற்ற மனைவியும் பெருங்கடனும் உடைய ஒருவர் இணையச் சூதில் வென்று கடனையெல்லாம் அடைத்தார் என்று, செய்திக் கட்டுரையின் வடிவில், ஒரு தரகர் கதை புனைந்து வெளியிட்டார். 2017 செப்டம்பரில் அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. கண்டனம் விழுந்தது நான்கு பெரும் நிறுவனங்களின் மீது. 'தரகர் எங்களைக் கேளாமல் எழுதினார்' என்று அவை சொன்னது எடுபடவில்லை. அக்காலத்திலேயே அவற்றுள் ஒரு நிறுவனம் தன் தரகர் திட்டத்தையே மூடிவிட்டது. உரிமம் உள்ள நாட்டில் பொறுப்பு முதலாளியைச் சேர்கின்றது. உரிமம் இல்லாத நம் நாட்டில், முதலாளி கண்ணுக்குத் தெரியாதவராதலால், அது தரகர் மீதே இறங்குகின்றது.

கமிஷனைத் தராமல் நிறுவனம் ஏமாற்றிவிட்டால்? இத்துறையில் இது அரிதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கின்றது. 1959-இல் கேருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தயம் செல்லாததேயன்றிச் சட்டவிரோதமன்று. எனவே அதனைச் சார்ந்த துணை ஒப்பந்தம் செல்லும் என்று நுட்பமாகப் பிரித்தது. தரகர் ஒப்பந்தம் அத்தகைய துணை ஒப்பந்தமே. ஆனால் பந்தயத்தைச் சட்டமே குற்றமாக்கிவிட்ட இடத்தில் அந்த நுட்பம் உதவாது. 23-ஆம் பிரிவின்படி நோக்கம் சட்டவிரோதமாகிவிடும். ஆக, நீதிமன்றத்திற்குச் சென்று கமிஷனைக் கேட்பவர், தம் குற்றத்தைத் தாமே எழுதிக் கொடுத்தவராவார். வருமான வரித் துறையோ சட்டவிரோத வருமானமாயினும் வரியை விடுவதில்லை.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் நம்மவர்களுக்கும் ஒரு சொல். சிங்கப்பூரின் 2022-ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமமற்ற சூதை விளம்பரப்படுத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. ஐக்கிய அரபு அமீரகம் 2023-இல் இதற்கென ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்து, பின்னர் ஒரு லாட்டரிக்கு உரிமமும் வழங்கியது. இதனால் 'அங்கே சூது அனுமதிக்கப்பட்டுவிட்டது' என்று சிலர் தவறாக எண்ணுகின்றனர். உரிமமற்ற தளங்கள் அங்கு முன்போலவே குற்றமாகும். அங்கு அமர்ந்து தமிழ்ச் சேனல் நடத்தி லிங்க் பகிர்பவர் இரு நாட்டுச் சட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் ஆளாகின்றார்.

மார்க்கத்தின் பக்கம் திரும்பினால், அந்த இளைஞரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அதற்கு ஃபிக்ஹில் ஒரு வேர் உண்டு. முஸ்லிமல்லாத ஒருவருக்காக மதுவைச் சுமந்து செல்லக் கூலி பெற்றால் அக்கூலி ஆகும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தாக ஹனஃபீ நூல்களில் காணப்படுகின்றது. பாவம் சுமப்பதில் இல்லை, தன் விருப்பத்துடன் குடிப்பவனின் செயலில் உள்ளது என்பது அதன் காரணம். அன்னாரின் மாணவர்களான இமாம்கள் அபூயூஸுஃப், முஹம்மது (ரஹ்) ஆகியோர் இதை வெறுக்கத்தக்கதென்றே கூறினர். 'நான் வழிதான் காட்டினேன், ஆடியவன் அவன்' என்னும் சொல் முன்னதன் சாயலில் அமைந்துள்ளது. ஆனால் ஒப்புமை பொருந்தவில்லை. சுமப்பவரின் கூலி சுமையைச் சேர்த்தவுடன் முடிந்துவிடுகின்றது. குடித்தாலும் கொட்டினாலும் காடியாக்கினாலும் அவருக்கு ஒன்றே. வருவாய்ப் பங்கு பெறுபவரின் கூலியோ ஆட்டக்காரர் தோற்கும் அந்த நொடியில்தான் பிறக்கின்றது. பாவச் செயலிலிருந்து கூலியைப் பிரித்தெடுக்கும் இடைவெளியே இங்கு இல்லை. ஒருமுறைத் தொகை பெறுபவருக்கு அவ்விடைவெளி ஓரளவு உண்டெனினும், மது தொடர்பாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்த பத்துப் பேரில் பிழிபவரும் சுமப்பவரும் அடங்குவர் என்று திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் வரும் அறிவிப்பு அவர் முன் நிற்கின்றது. மதுவையும் சூதையும் அருள்மறை ஒரே வசனத்தில் சேர்த்தே கூறியிருப்பதும் (5:90) அறிந்ததே.

இவ்விடயத்தில் இன்னும் நேரடியான ஒரு நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. 'வா, சூதாடலாம்' எனத் தம் தோழரை அழைத்தவர் தர்மம் செய்யட்டும் என்பது அதன் கருத்து. ஆட்டம் நடந்ததா என்று அதில் கேட்கப்படவில்லை, அழைத்ததற்கே பரிகாரம். ஒருவரை ஒருமுறை வாயால் அழைத்ததற்கு இவ்வாறெனில், ஐயாயிரம் பேரைத் தினமும் அழைக்கும் சேனலின் கணக்கை அவரவரே போட்டுக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே ஈட்டிய பணம் குறித்தும் கேட்கப்படுகின்றது. உரியவர் இன்னாரென்று தெரிந்தால் அவரிடமே திருப்பித் தருவதும், தெரியாதபோது நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துத் தம் பொறுப்பை நீக்கிக்கொள்வதும் ஃபகீஹுகள் கூறும் வழி. ஆயின் வழக்கு நிலுவையில் உள்ளவர், கணக்கு முடக்கப்பட்டவர், அப்பணத்தை அவசரமாக வேறிடத்திற்கு மாற்றலாகாது. தர்மமாகவே ஆனாலும், மறைத்தல் என்று அது பொருள்கொள்ளப்படக் கூடும். வழக்கறிஞரின் எழுத்து மூலமான ஆலோசனைக்குப் பின்னரே அதைச் செய்ய வேண்டும். இத்தொழிலை விட்டுவிட்டதாகக் கூறுவோர் பழைய காணொளிகளின் கீழுள்ள லிங்க்குகளையும், பின் செய்யப்பட்ட டெலிகிராம் பதிவுகளையும் மறந்துவிடுகின்றனர். அவை நீக்கப்படாத வரை விளம்பரம் வெளியில் நின்றுகொண்டே இருக்கின்றது. அவ்வழி வருவோரின் பெயர் இன்னும் அவர் கணக்கிலேயே எழுதப்படுகின்றது. எனவே நீக்குவதற்கு முன் அவற்றின் தேதியிட்ட படியை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கறிஞரிடம் காட்டிப் பின் நீக்கி, நிறுவனத்தின் தரகர் கணக்கையும் மூடும்படி எழுதி, அக்கடிதத்தின் நகலைப் பாதுகாத்து வைக்கும்படி அந்த இளைஞருக்குக் கூறினோம்.